வகுப்பறை வணிகச் செயல்பாடுகள் வழி முதலாளித்துவத்தைக் கற்றல்: சந்தைக்கும் முதலாளித்துவத்துக்கும் இடையிலான வேறுபாட்டை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மாணவர்களை வாங்குவோராகவும் விற்போராகவும் பிரித்துப் பொருள்களைக் கைமாற்றச் செய்யும் வணிகச் செயல்பாடுகள், பொருளியல், சமூகவியல், வரலாறு ஆகிய துறைகளின் வகுப்பறைகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. இவற்றில் பெரும்பாலானவை முதலாளித்துவத்தைக் கற்பிப்பதாகக் கூறிக்கொண்டாலும், உண்மையில் சந்தையை மட்டுமே கற்பிக்கின்றன. சேம்பர்லின், வெர்னன் ஸ்மித் ஆகியோரின் வகுப்பறைச் சந்தை, காகிதம் வெட்டும் வணிக விளையாட்டு, 'ஸ்டார்பவர்' எனும் பாவனை விளையாட்டு ஆகிய மூன்றையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. ஒவ்வொன்றும் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதைச் சிறு கணக்குகளின் வழி விளக்குகிறது. உற்பத்திக் கருவிகள் சிலரிடம் மட்டும் இருத்தல், பிழைப்புச் செலவு கட்டாயமாதல் ஆகிய இரண்டு விதிகள் சேரும்போதுதான் ஒரு வணிகச் செயல்பாடு முதலாளித்துவத்தைக் கற்பிக்கும் செயல்பாடாக மாறுகிறது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: சந்தை, முதலாளித்துவம், கூலி உழைப்பு, பாவனை விளையாட்டு, சோதனைப் பொருளியல், பின்னுரையாடல்.

முன்னுரை

பொருளைக் கொடுத்துப் பொருள் பெறுதல் தமிழ்ச் சமூகத்துக்குப் புதியதன்று. உமணர் உப்பை வண்டிகளில் ஏற்றிச் சென்று நெல்லுக்கு மாற்றியதைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் இன்றி வாணிகம் செய்ததைப் பட்டினப்பாலை போற்றுகிறது. எனினும் அக்காலச் சமூகத்தை முதலாளித்துவச் சமூகம் என்று எவரும் அழைப்பதில்லை. அவ்வாறாயின் சந்தை இருந்தும் முதலாளித்துவம் இல்லாத நிலை ஒன்று உண்டு என்பது தெளிவாகிறது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு யாது என்ற வினாவே வகுப்பறையில் முதலில் எழவேண்டும்.

இவ்வினா தமிழ் மாணவர்களிடம் எளிதில் எழுவதில்லை என்பதற்குச் சொல்வழக்கும் ஒரு காரணமாகும். 'முதலாளி' என்னும் சொல் தேநீர்க் கடைக்காரரையும் குறிக்கிறது. பல்லாயிரம் பேர் பணிபுரியும் ஆலையின் உரிமையாளரையும் குறிக்கிறது. தாமே தேநீர் ஆற்றி விற்பவரும், பிறர் உழைப்பை விலைக்கு வாங்கி முதலைப் பெருக்குபவரும் ஒரே சொல்லால் சுட்டப்படுவதால், வணிகம் செய்வதே முதலாளித்துவம் என்ற எண்ணம் இயல்பாக அமைந்துவிடுகிறது. 'ஊதியம்' என்னும் சொல்லின் வரலாறும் இங்குக் கருதத்தக்கது. திருக்குறளின் 449-ஆம் குறள் முதலையும் ஊதியத்தையும் இணைத்துப் பேசுகிறது. அங்கு ஊதியம் என்பது முதலிட்டவர் பெறும் இலாபம். இன்றைய வழக்கிலோ அது உழைப்பவர் பெறும் சம்பளம். முதலுடையார்க்கு உரியதாயிருந்த சொல் முதலில்லாதார் பெறும் கூலிக்குரியதாக மாறியிருக்கிறது. கூலிபெற்று வாழ்தலே பெரும்பாலோரின் வாழ்க்கைமுறையாகிவிட்ட இக்காலத்தில் இம்மாற்றத்தை மாணவர்க்கு எடுத்துக்காட்டுதல் பயனுடையது.

சந்தையும் முதலாளித்துவமும்: கோட்பாட்டுப் பின்புலம்

கார்ல் மார்க்ஸ் 1867-இல் வெளியிட்ட 'மூலதனம்' முதல் தொகுதியில் இருவகைச் சுழற்சிகளை வேறுபடுத்துகிறார். ஒருவர் தம் பண்டத்தை விற்றுப் பணம் பெற்று, அப்பணத்தால் தமக்குத் தேவையான வேறு பண்டத்தை வாங்குவது முதல் வகை. பணத்தைக் கொண்டு பண்டம் வாங்கி, அதைக் கூடுதல் பணத்துக்கு விற்பது இரண்டாம் வகை. முதல் சுழற்சி தேவை நிறைவேறியதும் முடிந்துவிடுகிறது. இரண்டாவதற்கு அத்தகைய முடிவு இல்லை. பெருகிய பணம் மீண்டும் முதலாகிறது. உழைப்புச் சக்தியே விற்பனைப் பண்டமாகும்போது இரண்டாம் சுழற்சி நிலைபெறுகிறது என்பது அவர் கருத்து.

கார்ல் பொலானி 1944-இல் வெளியான 'மாபெரும் உருமாற்றம்' என்ற நூலில், முற்காலச் சந்தைகள் சமூக உறவுகளுக்குள் பொதிந்திருந்தன என்றும், உழைப்பு, நிலம், பணம் ஆகிய மூன்றும் பண்டங்களாகக் கருதப்பட்டபோது நிலைமை தலைகீழானது என்றும் வாதிட்டார். எல்லன் மெய்க்சின்ஸ் வுட் 1999-இல் எழுதிய 'முதலாளித்துவத்தின் தோற்றம்' என்னும் நூல் இவ்வேறுபாட்டை இன்னும் கூர்மையாக்குகிறது. முந்தைய சமூகங்களில் சந்தை ஒரு வாய்ப்பு; முதலாளித்துவத்தில் அது ஒரு கட்டாயம். வாழ்வதற்குத் தேவையானவற்றைச் சந்தையின் வழியன்றிப் பெறமுடியாத நிலையே முதலாளித்துவத்தின் அடையாளம் என்பது அவரது நிலைப்பாடு.

வாய்ப்பு, கட்டாயம் என்னும் இவ்விரு சொற்களே வகுப்பறைச் செயல்பாடுகளை மதிப்பிடுவதற்குரிய அளவுகோலாக இக்கட்டுரையில் கொள்ளப்படுகின்றன.

வகுப்பறைச் சந்தை: சேம்பர்லினும் ஸ்மித்தும்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயிற்றுவித்த எட்வர்ட் சேம்பர்லின், தம் மாணவர்களைக் கொண்டு நிகழ்த்திய சந்தைச் சோதனைகளை 1948-இல் கட்டுரையாக வெளியிட்டார். வாங்குவோர்க்கு அவர்கள் கொடுக்கக்கூடிய உச்ச விலையும், விற்போர்க்கு அவர்கள் ஏற்கக்கூடிய குறைந்த விலையும் எழுதப்பட்ட அட்டைகள் தனித்தனியே வழங்கப்பட்டன. மாணவர்கள் வகுப்பறைக்குள் நடமாடி, இருவர் இருவராகப் பேரம் பேசினர். பாடநூல் கூறும் சமநிலை விலை அங்கே தோன்றவில்லை. அவர் நிகழ்த்திய 46 சோதனைகளுள் 42-இல் விற்பனை எண்ணிக்கை சமநிலை அளவைவிட மிகுதியாக இருந்தது.

இதன் பொருளை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். வாங்குவோர் அறுவரின் அட்டைகளில் 95, 85, 75, 65, 55, 45 என்றும், விற்போர் அறுவரின் அட்டைகளில் 25, 35, 45, 55, 65, 75 என்றும் எழுதப்பட்டுள்ளதாகக் கொள்வோம். விலை 60 என நிலைபெற்றால் வாங்குவோர் நால்வரும் விற்போர் நால்வரும் மட்டுமே வணிகம் செய்வர். கிடைக்கும் மொத்த ஆதாயம் 160. மாறாக, 95 உடையவர் 75 உடையவரோடும், 85 உடையவர் 65 உடையவரோடும் என ஆறு இணைகளும் தனித்தனியே பேசி முடித்தால், ஒவ்வோர் இணைக்கும் ஆதாயம் 20, மொத்தம் 120. வணிகம் நான்கிலிருந்து ஆறாக உயர்ந்தும் மொத்த ஆதாயம் குறைந்துவிடுகிறது. ஆனால் அந்த 120 பன்னிருவரிடையேயும் பரவுகிறது. மொத்த ஆதாயம், அதில் பங்குபெறுவோரின் எண்ணிக்கை ஆகிய இரண்டும் வெவ்வேறு அளவுகள் என்பதை மாணவர் இங்கு எளிதில் உணர்வர்.

சேம்பர்லினின் வகுப்பில் மாணவராகப் பங்கேற்ற வெர்னன் ஸ்மித், பின்னர் பர்டியூ பல்கலைக்கழகத்தில் இச்சோதனையை மாற்றியமைத்தார். விலைக் கோரல்கள் அனைத்தும் எல்லாரும் அறியும்படி உரக்க அறிவிக்கப்பட்டன. ஒரே சந்தை பல சுற்றுகள் திரும்ப நடத்தப்பட்டது. அப்போது விலை சமநிலையை நோக்கி விரைந்து நெருங்கியது. அவரது முடிவுகள் 1962-இல் வெளியாயின. சோதனைப் பொருளியலுக்கு அவர் ஆற்றிய பணிக்காக 2002-இல் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சிதறிக்கிடக்கும் அறிவை விலை ஒன்றுதிரட்டுகிறது என்று 1945-இல் ஹயெக் முன்வைத்த கருத்தை விளக்க இதைவிடச் சிறந்த செயல்பாடு அரிது.

இவ்வெற்றி மாணவர்களின் திறமையால் விளைந்ததா, சந்தையின் விதிகளால் விளைந்ததா என்ற வினாவுக்குத் தனஞ்சய் கோடே, ஷியாம் சுந்தர் ஆகியோர் 1993-இல் வெளியிட்ட ஆய்வு விடையளிக்கிறது. நட்டத்துக்கு வணிகம் செய்யக்கூடாது என்ற ஒரே கட்டுப்பாட்டுடன், எவ்வித அறிவும் இன்றி மனம்போனபடி விலை கூறும் கணினி நிரல்களை அவர்கள் சந்தையில் இறக்கினர். அவையும் பெறத்தக்க மொத்த ஆதாயத்தின் பெரும்பகுதியைப் பெற்றன. ஆகவே சந்தையின் செயல்திறனில் பெரும்பங்கு அதன் விதியமைப்பைச் சார்ந்தது எனலாம்.

இச்செயல்பாடு மறைப்பது யாது? விலை 60 ஆகும்போது 95 என்ற அட்டை பெற்றவருக்கு 35 ஆதாயம். 65 என்ற அட்டை பெற்றவருக்கு 5. 45 என்ற அட்டை பெற்றவருக்கு ஒன்றுமில்லை. எத்துணைத் திறமையாகப் பேரம் பேசினாலும் ஒருவர் பெறக்கூடிய ஆதாயத்தின் எல்லையை அட்டையே வரையறுக்கிறது. அட்டையை ஆசிரியர் வழங்கினார். உலகில் அதை வழங்குவது யார் என்பது கேட்கப்படுவதில்லை. வணிகம் செய்யாதவருக்கும் இழப்பு எதுவும் இல்லை. அவர் புள்ளியின்றி இருக்கையில் அமர்ந்துவிடலாம். இங்குச் சந்தை ஒரு வாய்ப்பாக மட்டுமே உள்ளது.

காகிதம் வெட்டும் வணிக விளையாட்டு

கிறிஸ்டியன் எய்ட் என்னும் பிரித்தானிய அமைப்பு பரப்பிய வணிக விளையாட்டு, பரிமாற்றத்தோடு உற்பத்தியையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. மாணவர் குழுக்கள் நாடுகளாகக் கொள்ளப்படுகின்றன. சில குழுக்களிடம் கத்தரிக்கோல், அளவுகோல், கவராயம் போன்ற கருவிகள் உள்ளன. சில குழுக்களிடம் காகிதம் மிகுதியாக உள்ளது. வேறு சிலவற்றிடம் இரண்டும் மிகக் குறைவு. வட்டம், முக்கோணம், செவ்வகம் முதலிய வடிவங்களைக் குறித்த அளவில் வெட்டி 'வங்கி'யிடம் விற்கவேண்டும். ஆட்டத்தின் நடுவே ஆசிரியர் விலைகளை மாற்றுவார். பன்னாட்டு வணிகத்தின் ஏற்றத்தாழ்வை உணர்த்துவதே இதன் நோக்கம்.

இதனை நாடுகளுக்குப் பதிலாக வகுப்புகளை முன்வைத்து மாற்றியமைத்தால் முதலாளித்துவத்தின் உள்ளமைப்பு புலப்படும். பின்வரும் எண்கள் கணக்கை விளக்குவதற்காக மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டவை. முதல் குழுவில் இருவர். அவர்களிடம் கருவிகள் உள்ளன. இரண்டாம் குழுவில் இருவர். அவர்களிடம் காகிதம் உள்ளது. மூன்றாம் குழுவில் நால்வர். அவர்களிடம் கைகள் மட்டுமே உள்ளன. ஒரு வடிவத்துக்கு வங்கி தரும் விலை 10 ரூபாய். அதற்கான காகிதத்தின் விலை 2 ரூபாய். வெட்டித் தருவதற்குக் கூலி 3 ரூபாய். ஒரு சுற்றில் 20 வடிவங்கள் வெட்டப்படுகின்றன எனில், வரவு 200 ரூபாய். அதில் காகிதத்துக்கு 40, கூலிக்கு 60, கருவியுடையார்க்கு 100. தலைக்குக் கணக்கிட்டால் கருவியுடையார்க்கு 50, காகிதமுடையார்க்கு 20, உழைப்போர்க்கு 15.

இவ்வளவில் நிறுத்தினால் சமமின்மை மட்டும் தெரியும். உழைப்போர் கூலி போதாதென்று கருதினால் கைகட்டி அமர்ந்திருக்கலாம். கருவியுடையார் இறங்கிவந்தே ஆகவேண்டும். உண்மை வாழ்வில் அவ்வாறு அமர இயலாது என்பதை விளையாட்டுக்குள் கொணர ஒரு விதி போதும்: ஒவ்வொருவரும் சுற்று ஒன்றுக்கு 12 ரூபாய் பிழைப்புச் செலவு செலுத்தவேண்டும், செலுத்த இயலாதவர் அடுத்த சுற்றில் பங்கேற்க முடியாது.

இவ்விதி சேர்ந்ததும் நிலைமை மாறுகிறது. முதல் சுற்றின் முடிவில் உழைப்போர் ஒவ்வொருவரிடமும் எஞ்சுவது 3 ரூபாய். நால்வரிடமும் சேர்த்து 12. கருவியுடையார் இருவரிடமும் எஞ்சுவது 76. இப்போது உழைப்போர் நால்வரும் கூடிக் கூலியை உயர்த்துமாறு கேட்டு வேலையை நிறுத்தினால், அச்சுற்றுக்கு அவர்களுக்குத் தேவைப்படும் 48 ரூபாய் அவர்களிடம் இல்லை. கருவியுடையார்க்குச் சுற்றுக்கு 24 ரூபாய் போதும். மூன்று சுற்றுகள் அவர்களால் காத்திருக்கமுடியும். ஒப்பந்தம் இருதரப்பின் இசைவோடு நிகழ்கிறது. ஆயினும் காத்திருக்கும் ஆற்றல் இருதரப்புக்கும் சமமாக இல்லை. இதனை ஆடம் ஸ்மித் 1776-லேயே 'நாடுகளின் செல்வம்' நூலில் கூலி பற்றிய இயலில் சுட்டியுள்ளார். முதலாளிகள் தம் சேமிப்பைக் கொண்டு நீண்டகாலம் தாக்குப்பிடிக்க முடியும் என்றும், தொழிலாளர் பலர் ஒரு வாரங்கூட வேலையின்றி வாழமுடியாது என்றும் அவர் எழுதினார். சந்தையின் முதல் பெரும் விளக்கவுரையாளராகக் கருதப்படுபவரே இதைக் கூறியிருப்பது மாணவர் கவனத்துக்குரியது.

உழைத்துச் சேமித்தால் எவரும் கருவியுடையார் ஆகலாமே என்ற வாதத்தையும் இக்கணக்கால் சோதிக்கலாம். ஒரு கருவித் தொகுதியின் விலை 100 ரூபாய் எனக் கொள்வோம். சுற்றுக்கு 12 ரூபாய் சேமிக்கும் உழைப்போர் குழு ஒன்பதாம் சுற்றில்தான் அதை வாங்கமுடியும். கருவியுடையார் இரண்டாம் சுற்றிலேயே இன்னொரு தொகுதி வாங்கிவிடுவர். கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் பாடவேளையின் மணி அதற்கு முன்பே அடித்துவிடும். கூலி 3 ரூபாயிலிருந்து 4 ரூபாயாக உயர்ந்தால் உழைப்போர் தலைக்கு 20 ரூபாய் பெற்று, குழுவாகச் சுற்றுக்கு 32 ரூபாய் சேமிப்பர். நான்காம் சுற்றிலேயே கருவி வாங்கிவிடலாம். கருவியுடையார்க்கோ சுற்றுக்கு 56 ரூபாய் எஞ்சும். அவர்கள் முன்போலவே இரண்டாம் சுற்றில் தம் அடுத்த கருவியை வாங்கமுடியும். வடிவம் ஒன்றுக்கு ஒரு ரூபாய் என்னும் வேறுபாடு ஒரு தரப்பாரின் எதிர்காலத்தை ஐந்து சுற்றுகள் முன்னுக்குக் கொண்டுவருகிறது. கூலிப் பேச்சுவார்த்தை ஏன் இத்துணைக் கடுமையாக நடைபெறுகிறது என்பதை விரிவுரையைவிட இக்கணக்கு தெளிவாக உணர்த்தும்.

முதலாளித்துவத்தின் ஆக்கத்திறனையும் இதே விளையாட்டு வெளிக்கொணரும். காகிதங்களை அடுக்கி ஒரே வெட்டில் பல வடிவங்களை எடுத்தல், ஒருவர் வரைய மற்றவர் வெட்டுதல் போன்ற உத்திகளை மாணவர் தாமே கண்டடையக்கூடும். பத்துப்பேர் வேலையைப் பகிர்ந்துகொண்டு ஒரு நாளில் 48,000 குண்டூசிகளுக்கு மேல் செய்ததாக ஆடம் ஸ்மித் தரும் எடுத்துக்காட்டு இங்குப் பொருந்தும். போட்டியே இத்தகைய உத்திகளைத் தேடத் தூண்டுகிறது. அதனால் கூடும் விளைச்சல் யாரைச் சேர்கிறது என்பது தனிவினா. துண்டு வீதக் கூலி, நேரக் கூலி என இருவகையாக நடத்திப் பார்த்தால், உத்தியைக் கண்டடைந்தவருக்கு எந்த முறையில் பங்கு கிடைக்கிறது என்பதையும் ஒப்பிடலாம்.

விதியை வகுப்போர் யார்: ஸ்டார்பவர்

ஆர். கேரி ஷர்ட்ஸ் 1969-இல் உருவாக்கிய 'ஸ்டார்பவர்' என்னும் பாவனை விளையாட்டு, பொருளாதார வலிமை அரசியல் வலிமையாக மாறுவதைக் காட்டுகிறது. பங்கேற்போர் சதுரம், வட்டம், முக்கோணம் என்னும் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்படுவர். வெவ்வேறு மதிப்புடைய வண்ணச் சில்லுகளை மாற்றிக்கொண்டு புள்ளி சேர்க்கவேண்டும். மிகுந்த புள்ளி பெறுவோர் சதுரக் குழுவுக்கு உயரலாம். சில்லுகள் தொடக்கத்திலேயே சமமின்றி வழங்கப்பட்டுள்ளன என்பது பங்கேற்போருக்குத் தெரியாது. சில சுற்றுகளுக்குப் பின்னர், சிறப்பாக ஆடியதன் பொருட்டு ஆட்ட விதிகளை வகுக்கும் உரிமை சதுரக் குழுவுக்கு வழங்கப்படும். அவ்வுரிமையைத் தம் நிலையைக் காத்துக்கொள்ளப் பயன்படுத்தும் சதுரக் குழுவும், எதிர்க்கவோ ஒதுங்கவோ தலைப்படும் ஏனைய குழுக்களும் இவ்விளையாட்டின் வழக்கமான காட்சிகளாகும்.

வென்றவர் தம் வெற்றியைத் திறமையின் பயனாகக் கருதுவதே இவ்விளையாட்டு தரும் முதன்மையான படிப்பினை. வண்ணச் சில்லுகளின் பங்கீடு வெளிப்படும்போது அந்நம்பிக்கை தகர்கிறது. முதல் செயல்பாட்டில் அட்டை கண்முன்னே இருந்தது; இங்கு அது மறைக்கப்பட்டிருந்தது. உண்மை வாழ்வில் பிறப்பு, குடும்பச் சொத்து, பயின்ற பள்ளி ஆகியவை பெரும்பாலும் இவ்வாறே கண்ணுக்குத் தெரியாமல் செயல்படுகின்றன.

விதி மாறினால் விளைவு மாறும் என்பதற்குப் பலகை விளையாட்டின் வரலாறும் சான்றாகும். எலிசபெத் மாகி 1904-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற 'நிலக்கிழார் விளையாட்டு', நில வாடகை ஒருவரிடமே குவிவதன் தீமையை ஹென்றி ஜார்ஜின் கருத்துவழி விளக்க எண்ணியது. அவ்வழியில் உருவாகி 1935 முதல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் விற்ற 'மோனோபலி'யில், மற்றவர்களைத் திவாலாக்குவதே வெற்றியாயிற்று. எச்சரிக்கையாகப் பிறந்த விளையாட்டு பின்னுரையாடல் இன்றிக் கைமாறியபோது அதன் பாடம் எதிர்த்திசையில் சென்றது.

சமமான தொடக்கம் போதுமா?

தொடக்கநிலையைச் சமமாக்கினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று மாணவர் கூறக்கூடும். இதனைச் சோதிக்க ஒரு நாணயம் போதும். ஒவ்வொருவரிடமும் 100 புள்ளிகள் கொடுத்து, இருவர் இருவராகச் சந்திக்கச் செய்யவேண்டும். அவர்களுள் குறைந்த புள்ளி உடையவரின் புள்ளியில் ஐந்திலொரு பங்கு பந்தயமாகும். நாணயத்தைச் சுண்டி வென்றவர் அதைப் பெறுவார். ஒவ்வொரு சுண்டுதலும் நேர்மையானது. எவருக்கும் சலுகை இல்லை. எனினும் இத்தகைய பரிமாற்றம் நெடிது தொடர்ந்தால் செல்வம் மிகச் சிலரிடம் குவியும் என்பதை அனிர்பன் சக்ரபர்த்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. முதலில் தோற்றவரின் பந்தயம் சிறுத்துவிடுவதால், பின்னர் வென்றாலும் இழந்ததை மீட்பது அவருக்குக் கடினமாகிறது. 100 புள்ளியில் 20 இழந்து 80 ஆனவர், அடுத்து வென்றால் பெறுவது 16 மட்டுமே. தொடக்கம் சமமாக இருப்பதோடு, இடையிடையே மறுபங்கீடு செய்யும் ஏற்பாடும் தேவையா என்ற விவாதத்துக்கு இது வழிதிறக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் சிறு வரி பெற்றுச் சமமாகப் பகிர்ந்து, அதே ஆட்டத்தை மீண்டும் நடத்தி ஒப்பிடலாம்.

செயல்பாடுகளின் எல்லைகள்

இவ்வகைச் செயல்பாடுகள் எதையும் மெய்ப்பிப்பதில்லை. அவை வினாக்களை எழுப்புகின்றன. 12 ரூபாய் விதியைச் சேர்த்தவர் ஆசிரியரே. அதைச் சேர்ப்பதும் விடுவதும் ஒரு கோட்பாட்டு நிலைப்பாடு என்பதை மாணவர்க்குச் சொல்லிவிடுதல் நேர்மையாகும். அட்டைச் சந்தையை மட்டும் நடத்தி முதலாளித்துவம் இணக்கமானது என்று முடிப்பதும், ஸ்டார்பவரை மட்டும் நடத்தி அது சூழ்ச்சியானது என்று முடிப்பதும் ஒரே வகைப் பிழையே.

கருவிகள் முதல் குழுவிடம் எவ்வாறு வந்தன என்பதை எவ்விளையாட்டும் கூறுவதில்லை. இங்கிலாந்தில் பொதுநிலங்கள் வேலியிடப்பட்ட வரலாறும், காலனிய ஆட்சியில் உடைமைகள் கைமாறிய வரலாறும், இந்தியச் சூழலில் நிலவுடைமையோடு சாதி பிணைந்திருந்த வரலாறும் விளையாட்டுக்கு வெளியே நிற்கின்றன. விளையாட்டில் குழுக்கள் குலுக்கல் முறையில் அமைகின்றன. சமூகத்தில் அவ்வாறு அமைவதில்லை. 12 ரூபாய்க்கு உணவு கிடைத்துவிடுவதாகக் கொள்ளும்போது, அதைச் சமைத்துப் பரிமாறும் ஊதியமற்ற வீட்டுழைப்பும் கணக்கில் இடம்பெறாமல் போகிறது. கடன், வட்டி, அரசு, தொழிற்சட்டம் ஆகியவையும் எளிமை கருதி விடப்பட்டுள்ளன.

வறுமையை அன்றாடம் காணும் மாணவர் வகுப்பில் இருக்கக்கூடும் என்பதையும் ஆசிரியர் மறக்கலாகாது. அவரைக் கைகள் மட்டுமே உடைய குழுவில் அமர்த்தித் தோற்கச் செய்வது கற்பித்தலாகாது. குழுக்களைச் சுற்றுதோறும் மாற்றியமைத்தலும், மறைத்துவைத்த விதிகளை அதே பாடவேளைக்குள் வெளிப்படுத்துதலும் இன்றியமையாதவை.

பின்னுரையாடல்

செயல்பாட்டுக்குச் செலவிடும் நேரத்துக்குக் குறையாத நேரம் உரையாடலுக்கும் ஒதுக்கப்படவேண்டும். காகித விளையாட்டை முதலில் பிழைப்புச் செலவின்றியும், பின்னர் அச்செலவோடும் இருமுறை நடத்துவது சிறந்த முறையாகும். இரண்டிலும் ஒப்புக்கொள்ளப்பட்ட கூலியைக் கரும்பலகையில் அருகருகே எழுதி, கருவிகளும் காகிதமும் மாணவரும் மாறாதிருக்கக் கூலி மட்டும் ஏன் மாறியது என்று கேட்கலாம். வேலையை மறுக்கும் உரிமை இருந்ததா, மறுக்கும் ஆற்றல் இருந்ததா என்பது அடுத்த வினா. வென்ற குழு தன் வெற்றிக்குக் கூறும் காரணங்களையும், தோற்ற குழு தன் தோல்விக்குக் கூறும் காரணங்களையும் தனித்தனியே எழுதச்செய்து ஒப்பிடுதல் மூன்றாவது படி.

முடிவுரை

சேம்பர்லின், ஸ்மித் வழிவந்த வகுப்பறைச் சந்தை விலையின் இயக்கத்தைத் திறம்படக் கற்பிக்கிறது. அதில் சந்தை ஒரு வாய்ப்பாக நிற்கிறது. காகிதம் வெட்டும் விளையாட்டில் கருவியுடைமையோடு பிழைப்புச் செலவும் சேரும்போது சந்தை கட்டாயமாகிறது. அங்கேதான் கூலி உழைப்பும் முதலின் பெருக்கமும் புலப்படுகின்றன. ஸ்டார்பவர், அவ்வாறு பெருகிய முதல் விதிகளை வகுக்கும் வலிமையாவதைக் காட்டுகிறது. நாணயச் சோதனை, சமமான தொடக்கமும் தானே நிலைத்திராது என்பதை உணர்த்துகிறது. இவற்றை இவ்வரிசையில் அமைத்தால் ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவுசெய்யும்.

வணிகச் செயல்பாட்டை முடித்து வெளியேறும் மாணவர், ஏழ்மையைத் திறமைக்குறைவால் விளைந்தது என்று எண்ணிச் செல்கிறாரா, அவரவர் கையிலிருந்த அட்டையையும் அவர் காத்திருக்கக்கூடிய சுற்றுகளின் எண்ணிக்கையையும் கேட்டறியக் கற்றுச் செல்கிறாரா என்பது, ஆசிரியர் சேர்க்கும் அல்லது விட்டுவிடும் ஒரு விதியைப் பொறுத்தது. அவ்விதியைத் தெரிந்தே தேர்ந்தெடுப்பது ஆசிரியரின் கடமையாகும்.